விளக்கு வைக்கும் நேரமும் அணைக்கும் நேரமும்

எங்கள் வீடு சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு தெருவின் கடைசியில் இருக்கிறது. மொட்டைமாடியில் நின்றால் சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல் தெரியும். நடந்து போனால் 250 மீட்டர்தான். வீட்டுக்கு வெளியே ஏழு விளக்குகள் இருந்தன. கேட் தூண்களில் இரண்டு, போர்டிகோவில் ஒன்று, பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கு மேலே ஒன்று, பக்கவாட்டுச் சந்தில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, கடலைப் பார்த்த கிழக்குச் சுவரின் உச்சியில் ஒரு பெரிய ஃப்ளட் லைட். இவற்றுக்கான சுவிட்சுகள் ஐந்து வெவ்வேறு இடங்களில் இருந்தன. ஃப்ளட் லைட்டின் சுவிட்ச் மொட்டைமாடிக்குப் போகும் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசல் இருட்டாக இருக்கக் கூடாது என்பதில் என் மாமியார் மிகவும் கண்டிப்பானவர். பூஜை அறையில் விளக்கேற்றும் முன்பே கேட் விளக்கைப் போட்டுவிட வேண்டும் அவருக்கு. முழங்கால் வலியோடு அந்த ஐந்து இடங்களுக்கும் நடந்து, மாடிப்படியும் ஏறி இறங்கி, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டிருந்தார். போடுவதற்கு அவர் இருந்தார்; அணைப்பதற்குத்தான் யாரும் இல்லை. என் கணவர் இரவு பதினொன்றரைக்கு வேலையிலிருந்து வருவார், நான் காலையில் அவசரமாகக் கிளம்பிவிடுவேன், காலை ஒன்பது மணி வெயிலில் கேட் விளக்கு எரிந்துகொண்டிருப்பதை எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்வோம். 2022-இல் வெளி விளக்குகளுக்கு ஸ்மார்ட் கருவிகளைப் பொருத்த முடிவு செய்தது இந்தக் காரணத்தால்தான். அதன் பிறகு தெரிந்தவர்கள் பலர் எந்த நிறுவனத்தின் கருவி நல்லது என்று கேட்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில் அது மூன்றாவதோ நான்காவதோ வர வேண்டிய கேள்வி. முதலில் வருவது கம்பி.

கேட் தூணின் விளக்கைக் கழற்றிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் எலக்ட்ரீசியன் இளைஞர், என்னை அக்கா என்று கூப்பிடுவார். மெயினை அணைத்துவிட்டு, கண்ணாடி மூடியின் திருகுகளைத் திருப்பினார். நான்கில் இரண்டு துருப்பிடித்து, தலை மட்டும் உடைந்து கையோடு வந்தது. உள்ளே செம்புக் கம்பியின் முனை பச்சை பூத்திருந்தது. கனெக்டரின் துளைக்குள் எறும்புகள் மண் கொண்டுவந்து அடைத்திருந்தன. அதற்குப் பின்னால், சுவரை ஒட்டி, இரண்டு பல்லி முட்டை ஓடுகள். “இதுல எந்த ஸ்மார்ட் சுவிட்ச மாட்டினாலும் ஒரு மழைக்குத் தாங்காதுக்கா” என்றார் அவர். அதுவரை மழைக்காலத்தில் இரவு நேரங்களில் காரணமே இல்லாமல் வீடு முழுவதும் கரண்ட் போனதற்கு விடை அந்தத் தூணுக்குள் இருந்தது. வெளி விளக்குகள் எல்லாம் ஹால் லைனிலேயே இணைக்கப்பட்டிருந்ததால், தூணுக்குள் இறங்கிய நீர் ஃபேஸையும் எர்த்தையும் தொட்ட உடனே, வீட்டுக்கே பொதுவான ஆர்சிசிபி ட்ரிப் ஆகியிருக்கிறது.

ஆர்சிசிபி என்பது உள்ளே போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் கருவி. வீடுகளில் பொருத்தப்படும் வகை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எங்கோ ஒரு வழியில் மின்சாரம் கசிகிறது, அது ஒரு மனித உடலாகவும் இருக்கலாம் என்பது அதன் கணக்கு. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆகவே எங்கள் முதல் செலவு, வெளி விளக்குகளுக்கென்று தனி லைன் இழுத்து, அதற்குத் தனியாக, மின்னோட்டம் அளவை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் 6 ஆம்பியர் எம்சிபி ஒன்றும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டதுதான். இப்போது தூணில் நீர் இறங்கினால் தூண் மட்டும்தான் இருளும். ஃப்ரிட்ஜும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருக்கும்.

விளக்குகளையும் மாற்றினோம். வெளியே பொருத்தும் ஃபிட்டிங்கின் பெட்டியில் ஐபி என்று எழுதி அருகே இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். முதல் எண் தூசியைப் பற்றியது, இரண்டாவது நீரைப் பற்றியது. ஐபி 44 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். ஐபி 65 என்றால் தூசி அறவே புகாது, குழாயிலிருந்து பீய்ச்சும் நீரையும் தாங்கும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கடற்காற்று மழையைப் படுக்கைவாட்டில் கொண்டுவந்து அடிக்கும் எங்கள் பகுதியில், கூரையில்லாத இடத்துக்கு 65-க்குக் குறைந்து எதையும் நான் வாங்க மாட்டேன். ஆனால் அந்த எண்ணும் கம்பி நுழையும் துளையைச் சரியாக அடைத்தால்தான் செல்லும். கம்பி ஃபிட்டிங்குக்குள் மேலிருந்து நுழையக் கூடாது. கீழே ஒரு வளைவு விட்டு, கீழிருந்து மேலாக நுழைய வேண்டும். அப்போதுதான் கம்பி வழியே வழிந்து வரும் மழைநீர் வளைவின் அடியில் சொட்டிப் போகும். திருகுகளும் முக்கியம். சாதாரண எவர்சில்வர் திருகுகள்கூட உப்புக்காற்றில் இரண்டு ஆண்டுகளில் பழுப்பேறின. 316 என்று குறிக்கப்படும் வகை அதிக விலையானாலும் இன்றுவரை பளிச்சென்று இருக்கிறது. ஜங்ஷன் பாக்ஸ்கள் எல்லாவற்றையும் இரும்பிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாற்றினோம்.

இதற்குப் பிறகுதான் ஸ்மார்ட் கருவியை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. விளக்கே ஸ்மார்ட் பல்பாக இருக்கலாம்; அல்லது சுவிட்ச் போர்டின் பின்னால், ரிலே எனப்படும், கட்டளைக்கு ஏற்ப விளக்கைப் போட்டு அணைக்கும், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு கருவியைச் செருகி, பழைய சுவிட்சை அதனோடு இணைக்கலாம். நாங்கள் முதலில் எளிதான வழியைத் தேர்ந்தெடுத்து, கேட் விளக்குகளுக்கு இரண்டு ஸ்மார்ட் பல்புகளை வாங்கினோம். இரண்டாம் நாள் மாலையே அவை செல்போனுக்குக் கட்டுப்படவில்லை, ஏனென்றால் முந்தைய இரவு யாரோ சுவரிலுள்ள சுவிட்சை வழக்கம்போல அணைத்துவிட்டார்கள். மின்சாரம் இல்லாத பல்புக்கு எந்தக் கட்டளையும் போய்ச் சேராது. அந்த சுவிட்சைத் தொடவே கூடாது என்று என் மாமியாரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்பது ஆண்டுகளாகத் தன் கையால் வாசல் விளக்கைப் போடுகிறவரிடம், இனி செல்போனில்தான் போட வேண்டும் என்று சொல்லும் எந்த ஏற்பாடும் எங்கள் வீட்டுக்கு ஏற்றதல்ல. அன்றே பல்புகளைக் கழற்றிப் படுக்கையறைக்கு மாற்றிவிட்டு, ரிலேக்களுக்கு வந்தோம். ரிலே இருந்தால் சுவரிலுள்ள சுவிட்சும் வேலை செய்யும், செல்போனும் வேலை செய்யும், தானாக நேரப்படி எரிவதும் நடக்கும். மூன்றில் எது கடைசியாகச் சொன்னதோ அதற்கு விளக்கு கட்டுப்படும்.

ரிலே இயங்குவதற்கு ஃபேஸோடு நியூட்ரலும் வேண்டும். நம் ஊர் சுவிட்ச் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பிளக் பாயின்ட் சேர்ந்தே இருப்பதால், நியூட்ரல் கம்பி அங்கே ஏற்கெனவே வந்திருக்கும். மாடிப்படியில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இருக்கும் இருவழி சுவிட்சுப் பெட்டிகளில்தான் அது இருக்காது. நியூட்ரல் தேவைப்படாத ரிலேக்களும் கடையில் கிடைக்கின்றன. அவை விளக்கின் வழியாகவே மிகச் சிறிய மின்னோட்டத்தை எந்நேரமும் கசிய விட்டுத் தங்களை இயக்கிக்கொள்கின்றன. பழைய குண்டு பல்புக்கு அந்தக் கசிவு தெரியாது, எல்இடிக்குத் தெரியும். நாங்கள் படியில் அதை மாட்டியபோது அணைத்த பிறகும் விளக்கு நள்ளிரவில் மங்கலாக மினுக்கிக்கொண்டிருந்தது. விளக்குக்கு இணையாக, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு சிறிய கெப்பாசிட்டரைப் போட்டால் அது நின்றுவிடும். எங்கள் எலக்ட்ரீசியன் அதற்குப் பதிலாக, பழைய பைப்பின் வழியே ஒரு நியூட்ரல் கம்பியை இழுத்துக் கொடுத்தார். அரை நாள் வேலை, ஆனால் அதன் பிறகு அந்தப் படியைப் பற்றி நினைக்கவே தேவை ஏற்படவில்லை.

இன்னொரு பாடம் கிழக்குச் சுவர் ஃப்ளட் லைட்டில் கிடைத்தது. ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. விளக்கு வெறும் 30 வாட். 230 வோல்ட்டில் அது ஆம்பியரில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. எட்டு மாதத்தில் ஒரு நாள் அந்த விளக்கு அணையவே மறுத்தது. செல்போனில் அணைந்துவிட்டது என்று காட்டியது, சுவரில் எரிந்துகொண்டிருந்தது. எல்இடி விளக்குகளில், மின்சாரத்தை அவற்றுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் என்ற பகுதியில் ஒரு கெப்பாசிட்டர் உண்டு. போட்ட கணத்தில் அது வெறுமையாக இருப்பதால், ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்கு, வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை இழுக்கும். ரிலேயின் முனைகள் சேரும் அந்தக் கணத்தில் பொறி பறந்து, நாளடைவில் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்கின்றன. பெட்டியில் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவு ஹீட்டர் போன்ற சாதாரணச் சுமைக்கு உரியது. எல்இடிக்கு எவ்வளவு என்பதைத் தனியாகப் பார்த்து வாங்க வேண்டும். ரிலே ஒட்டி அணையாமல் போன விளக்கு அது ஒன்றுதான். அது எரிந்த மாதமும் மோசமான மாதம். அதைப் பிறகு சொல்கிறேன்.

வைஃபை விஷயத்தில் நாங்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: விளக்கும் கம்பியும் வெளியே போகட்டும், ரிலே வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் இயங்கும். 5 கிகாஹெர்ட்ஸைவிட அது சுவர்களை நன்றாகவே ஊடுருவும் என்றாலும், ஒரு கான்கிரீட் தூண், இரும்பு கேட், தகரப் பெட்டி எல்லாம் சேர்ந்தால் 18 மீட்டர் தூரத்திலேயே திணறும். தூணுக்குள் ரிலேயை வைத்தால் வெயில், உப்பு, எறும்பு, பலவீனமான சிக்னல் என்று நான்கையும் அது சமாளிக்க வேண்டும். ஹாலின் சுவிட்ச் போர்டிலிருந்துதான் கேட்டுக்குக் கம்பி போகிறது என்னும்போது, அந்த போர்டின் பின்னாலேயே ரிலேயை வைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை.

நேரத்துக்கு வருகிறேன். முதலில் மாட்டிய கருவிகளை அவற்றின் செயலியிலேயே மாலை 6.30-க்கு எரியும்படி வைத்தேன். மறுநாள் மாலை நான்கு மணிக்கு, நல்ல வெயிலில், கேட் விளக்குகள் இரண்டும் எரிந்தன. கருவியில் நேர மண்டலம் தொழிற்சாலையில் வைத்தபடியே சீன நேரத்தில் இருந்திருக்கிறது. அது நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அதைச் சரிசெய்த பிறகும் 6.30 என்ற கணக்கு நிலைக்கவில்லை. சென்னைப் பக்கம் நவம்பர் பிற்பகுதியில் சூரியன் 5.40-ஐ ஒட்டியே மறைந்துவிடும், ஜூலையில் 6.40-ஐ ஒட்டித்தான் மறையும். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு மாதாமாதம் யார் நேரத்தை மாற்றிக்கொண்டிருப்பது? இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுத்துவிட்டால், அன்றன்றைய அஸ்தமனத்தைக் கருவியே கணக்கிட்டுக்கொள்ளும். அஸ்தமனத்துக்குப் பத்து நிமிடம் கழித்து என்று நான் வைத்திருந்தேன். என் மாமியார் ஒரு வாரம் பார்த்துவிட்டு, “விளக்கு வெக்கிற நேரம்னா வெளிச்சம் போறதுக்கு முன்னாடிம்மா” என்றார். இப்போது அஸ்தமனத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே கேட் விளக்கு எரிகிறது. பூஜை அறை விளக்கு அதற்குப் பிறகு ஏற்றப்படுகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மின்சாரமும் இணையமும் நாட்கணக்கில் இல்லை. மின்சாரம் முதலில் திரும்பியது, இணையம் வர மேலும் நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்களும் செல்போன் செயலி ஒன்றுக்கும் உதவவில்லை, ஏனென்றால் ஹாலிலிருந்து ஹாலின் சுவிட்ச் போர்டுக்குப் போக வேண்டிய கட்டளை வெளிநாட்டில் எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. நேரப்படி எரிவதும் நின்றது. அந்தக் கருவிகளுக்குள் பேட்டரியுடன் கூடிய கடிகாரம் இல்லாததால், மின்சாரம் போய் வந்த பிறகு மணி என்ன என்பதை அவை இணையத்தில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளும். சுவரிலிருந்த சுவிட்சுகள் மட்டும் ஒழுங்காக வேலை செய்தன. பழைய சுவிட்சைக் கழற்றாமல் விட்டது எவ்வளவு சரி என்று அந்த வாரம்தான் முழுதாக உணர்ந்தேன்.

அதன் பிறகு, 2013-இல் தொடங்கப்பட்ட ஹோம் அசிஸ்டென்ட் என்ற, வீட்டுக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் திறந்த மென்பொருளை, கையடக்கமான ராஸ்பெர்ரி பை கணினி ஒன்றில் நிறுவினேன். ரிலேக்களோடு அது வீட்டு வைஃபைக்குள்ளேயே பேசுகிறது. இணையம் இல்லாவிட்டாலும் விளக்குகள் தங்கள் நேரத்துக்கு எரிந்து அணைகின்றன. கற்றுக்கொள்ள எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அந்த உழைப்பை எல்லோரும் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் புதிதாகக் கருவி வாங்குகிறவர்கள் அது இணையமில்லாமல் வீட்டுக்குள்ளேயே இயங்குமா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும். 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வெளியான மேட்டர் என்ற, ஸ்மார்ட் கருவிகளுக்கான பொதுத்தரம் அப்படி வீட்டுக்குள்ளேயே இயங்கும் வகையில் வகுக்கப்பட்டது என்பதால், இப்போது நான் வாங்குபவற்றில் அந்தக் குறியைத் தேடுகிறேன். இன்னொன்றையும் வாங்கிய அன்றே பார்த்துவிட வேண்டும்: மின்சாரம் போய் வந்தால் ரிலே எந்த நிலைக்குத் திரும்பும் என்பது. எரியும் நிலை, அணைந்த நிலை, முன்பிருந்த நிலை என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எங்களுக்கு அது தெரியாத காலத்தில், நள்ளிரவு இரண்டு மணிக்கு மின்சாரம் திரும்பியதும் வீட்டைச் சுற்றி அத்தனை விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்து எல்லோரையும் எழுப்பியிருக்கின்றன.

ரவுட்டரையும் அந்தச் சிறு கணினியையும் கேட் விளக்கையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றியபோது ஒரு தொல்லை வந்தது. இன்வெர்ட்டரின் நியூட்ரலும் மற்ற லைனின் நியூட்ரலும் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் சேர்ந்துவிட்டதால், ஒரு வழியில் போன மின்னோட்டம் வேறு வழியில் திரும்பி, ஆர்சிசிபி கசிவென்று கருதி ட்ரிப் ஆனது. மழையே இல்லாத நாட்களில் வெளி விளக்குகள் அடிக்கடி அணைந்ததால் மறுபடியும் தூண்களைப் பிரித்துப் பார்த்தோம். கோளாறு தூணில் இல்லை, வீட்டுக்குள் இருந்தது. நியூட்ரல்களைத் தனித்தனியே பிரித்த பிறகு சரியானது.

மின்சாரச் செலவைப் பற்றி நேர்மையாக ஒரு கணக்கு சொல்கிறேன். பழைய ஏழு விளக்குகளும் சேர்ந்து 82 வாட்; இரவு முழுவதும், 12 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 59 யூனிட். இப்போது விளக்குகள் தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் எரிவதால் இரண்டு மாதத்துக்கு 9 யூனிட் அளவில்தான் ஆகிறது. ஆனால் ரிலே ஒவ்வொன்றும் விளக்கு எரியாத நேரத்திலும் ஏறக்குறைய ஒரு வாட் எடுத்துக்கொண்டே இருக்கும். ஐந்து ரிலேக்களும் இரண்டு மாதத்துக்கு 7 யூனிட்டைத் தாண்டுகின்றன, 5 வாட் எடுக்கும் கணினியும் அதே அளவு. ஆக, மொத்தம் 23 யூனிட்டில் பாதிக்கு மேல் விளக்குக்கு அல்ல, விளக்கைக் கவனித்துக்கொள்ளும் கருவிகளுக்கே போகிறது. ஐந்து வாட் விளக்கை மாலையில் ஐந்து மணி நேரம் மட்டும் எரிக்கும் வீட்டில், அதற்கு ஒரு ரிலே மாட்டினால் மின்சாரம் மிச்சமாகாது, இரட்டிப்பாகும். மறந்துபோய் இரவெல்லாம் எரிகிற விளக்குக்குத்தான் இது லாபம்.

பக்கவாட்டுச் சந்துக்குக் கம்பி இழுப்பது கடினமாக இருந்ததால் அங்கே ரிலேயை எடுத்துவிட்டுச் சூரிய ஒளி விளக்கு ஒன்றைப் பொருத்தினோம். தெற்குப் பார்த்து, 13 பாகை அளவில் சாய்ந்த தகடு. தை முதல் புரட்டாசி வரை குறையில்லை. ஐப்பசியில் தொடர்ந்து நான்கு நாள் மூடாக்கு போட்டால் விடியும் முன்பே அணைந்துவிடும். தகட்டின் மேல் படியும் உப்பை மாதம் ஒரு முறை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பின்பக்கத்துக்கு மோஷன் சென்சார் வைத்தோம். இந்த வகை சென்சார் உடலின் வெப்பம் சுற்றுப்புறத்தின் வெப்பத்திலிருந்து வேறுபடுவதைக் கொண்டுதான் அசைவை உணர்கிறது. மே மாத மாலையில், சுவரும் தரையும் காற்றும் மனித உடலின் சூட்டை நெருங்கி நிற்கும்போது, ஆறு மீட்டரில் உணர்ந்தது மூன்று மீட்டருக்கு வந்துவிடுகிறது. நேராக அதை நோக்கி நடந்து வருகிறவரைவிட, அதற்குக் குறுக்கே கடக்கிறவரை அது விரைவாக உணரும் என்பதால், கதவுக்கு எதிரே வைத்திருந்ததைப் பக்கச் சுவருக்கு மாற்றினோம். முதல் மழைக்குப் பிறகு ஈசல்கள் விளக்கை மொய்த்தன, ஈசலைத் தேடிப் பல்லிகள் வந்தன, பல்லி சென்சாரின் முகத்திலேயே ஓடியதால் விளக்கு அணையாமல் எரிந்தது, விளக்கு எரிந்ததால் மேலும் ஈசல்கள் வந்தன. சென்சாரை விளக்கிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, பல்பை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றிய பிறகே அந்தச் சுற்று முடிந்தது. நீல ஒளி குறைந்த விளக்குக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும்.

இனி கிழக்குச் சுவர். 2016 டிசம்பரில் வந்த வர்தா புயலில் எங்களுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த சவுக்குத் தோப்பின் பெரும்பகுதி சாய்ந்துவிட்டது. தனியாக நிற்கும் வீடு, எதிரே வெட்டவெளி என்ற பயத்தில் அந்த ஃப்ளட் லைட்டைப் பிறகுதான் போட்டோம். ரிலே ஒட்டிக்கொண்டு அது அணையாமல் எரிந்தது ஒரு மார்ச் மாதத்தில். மூன்றாம் நாள் காலை, கரையோரம் இரவு நடை போகும் ஆமைப் பாதுகாப்புத் தன்னார்வலர் இருவர் எங்கள் கேட்டைத் தட்டினார்கள். மணலிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு விளக்கு மட்டும் நிலவைப் போலத் தெரிகிறது என்றார்கள். அவர்களில் மூத்தவர், “அக்கா, ரெண்டு மாசம் மட்டும் அணைச்சு வைக்க முடியுமா?” என்று மிகவும் தயங்கிக் கேட்டார். அது அணைந்துவிட்டதாகத்தான் என் செல்போன் மூன்று நாட்களாகக் காட்டிக்கொண்டிருந்தது.

பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து எங்கள் கரைக்கு முட்டையிட வருகின்றன. ஒரு குழியில் நூற்றை ஒட்டி முட்டைகள். 45 முதல் 60 நாட்களில் பொரிந்து, குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வெளியே வந்ததும் அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நகர்வதுதான் அவை கடலைக் கண்டுபிடிக்கும் முக்கிய வழி. இருண்ட கரையில் அந்த வெளிச்சம், வானத்தின் ஒளியை வாங்கிக் காட்டும் கடல். விளக்கெரியும் கரையில் அது வீடும் தெருவும் சாலையும். தவறான திசையில் போகும் குஞ்சு விடிவதற்குள் நாய்க்கோ நண்டுக்கோ இரையாகும், இல்லையென்றால் வெயிலில் காய்ந்துவிடும். 1988 முதல் சென்னை மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்புக் குழுவாகச் சேர்ந்து நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து முட்டைகளைப் பாதுகாப்பாகப் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போகிறார்கள். வனத்துறையும் இதைச் செய்கிறது. ஆனால் நடப்பவர்கள் கண்ணில் படாத குழி எப்போதும் ஒன்று இருக்கும். அந்தக் குழியிலிருந்து வருபவற்றுக்கு எங்கள் சுவர் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை அன்று மாலை நானே மணலில் போய் நின்று பார்த்தேன். அவர்கள் சொன்னது உண்மை. வேறு எந்த விளக்கும் கண்ணில் படவில்லை.

அந்த வாரமே ஃப்ளட் லைட்டைக் கழற்றிவிட்டோம். அதற்குப் பதிலாக, சுவரின் உச்சியில் அல்ல, இடுப்பளவு உயரத்தில், மேலே தகடு மூடிய, தரையை மட்டும் பார்க்கும் 5 வாட் விளக்கு ஒன்று இருக்கிறது. அதன் நிறம் ஆரஞ்சை ஒட்டிய மஞ்சள். நீலமும் பச்சையும் கலந்த வெள்ளை ஒளியைவிட அந்த நிறம் ஆமைகளைக் குறைவாகத்தான் ஈர்க்கும். மோஷன் சென்சார் ஒன்று காம்பவுண்டுக்குள் அசைவு கண்டால் அதை இரண்டு நிமிடம் எரிய விடும். ஜனவரி 1 முதல் மே 31 வரை அதுவும் கிடையாது. மார்ச் இறுதியில் இடப்பட்ட முட்டையும் 60 நாளில் பொரிந்துவிட இவ்வளவு காலம் வேண்டும் என்று கணக்கிட்டு வைத்த நாட்கள் இவை. இந்த ஐந்து மாதங்களில் யாராவது சுவரிலுள்ள சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், தடுக்க மாட்டோம். பாம்பு வந்ததென்றால் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஐந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். மின்சாரம் போய் வந்தாலும் அணைந்த நிலைக்கே திரும்பும். உண்மையிலேயே அணைந்ததா என்பதற்கு, ரிலே சொல்வதை நம்பாமல், அந்த லைனில் மின்னோட்டத்தை அளக்கும் வகை ரிலேயைப் போட்டிருக்கிறேன். அணைத்த பிறகும் ஒரு வாட்டுக்கு மேல் ஓடினால் செல்போன் மணி அடிக்கும்.

பயம் கூடியதா என்று கேட்கிறவர்களுக்கு என் மாமியாரின் பதிலையே சொல்கிறேன். ஃப்ளட் லைட் எரிந்தபோது அதன் வெளிச்சத்துக்கு அப்பால் எதுவுமே தெரியவில்லை, இப்போது ஜன்னலில் நின்று கண் பழகியதும் தோப்பு வரை தெரிகிறது என்கிறார் அவர். அசைவுக்கு எரியும் சிறிய விளக்கு ஒன்று எரிந்தால் உடனே கவனிக்கிறோம். இரவெல்லாம் எரிந்த பெரிய விளக்கை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுக்காரர் வந்து எங்கள் ரிலேக்களைப் பார்த்துவிட்டுப் போனார். அவருடைய மொட்டைமாடியில் வெள்ளை விளக்குகள் இரண்டு கடலைப் பார்த்து இருந்தன. எங்கள் எலக்ட்ரீசியனே அவற்றைத் தரைநோக்கித் திருப்பி, ஒரு ரிலேயும் மாட்டிக் கொடுத்தார். தேதிகளை நான் எழுதிக் கொடுத்தேன். அவரைப் பார்த்து அடுத்த வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். அங்கே இந்த மார்கழிக்குள் வேலை முடிந்துவிடும். நான்காவது வீட்டின் உரிமையாளர் கோயம்புத்தூரில் இருக்கிறார், வீடு பூட்டியே கிடக்கிறது, கிழக்கு மூலையில் ஒரு விளக்கு மட்டும் இரவும் பகலும் எரிகிறது. பொங்கலுக்கு வருவார் என்று சொன்னார்கள். வந்த அன்றே போய்ப் பேச வேண்டும்.